நீ எழுதிய பாட்டுச் சீட்டு

அப்பா,

உன் லோடு புத்தகம் இப்போது என் மடியில் இருக்கிறது. திறந்தால் வெங்காய வாடை வருகிறது. கூடவே டீசல், கொஞ்சம் உன் சட்டைப்பை. முகர்ந்து பார்த்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது.

பெரியவர்களுக்கு எழுதும்போது 'நீங்கள்' என்று எழுத வேண்டும் எனப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னை நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகு மரியாதையைக் கூட்டிக் கொடுக்க எனக்கு வரவில்லை.

போன மாதம் பெரியப்பா உன் குட்டியானை வண்டியை விற்றார். வாங்குகிற ஆள் வருவதற்கு முன் உள்ளே இருக்கிற சாமானை எடுத்துவிடச் சொன்னார். நீ போன பிறகு அந்தக் கதவை நான் திறக்கவில்லை. சாக்கு ஊசி, சணல், காய்ந்து கல்லாகிப் போன எலுமிச்சம்பழம், ஒற்றைச் செருப்பு எல்லாம் இருந்தன. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் இந்தப் புத்தகம். எந்த வெங்காயப் பட்டறையில் எத்தனை மூட்டை ஏற்றினாய் என்று எழுதி, மேல்தாளைக் கிழித்து வியாபாரியிடம் கொடுப்பாய். நடுவில் வைத்த கார்பனால் அடித்தாளிலும் அதே எழுத்து விழும். அது உன்னிடம் இருக்கும். உன் கையெழுத்தைப் பார்க்கத்தான் புரட்டினேன். ஒரு தாள் மட்டும் பாதியாக உள்பக்கம் மடிந்திருந்தது. பிரித்தேன்.

நீல எழுத்து. மூட்டை எதுவும் இல்லை. ஒரு பாட்டின் முதல் வரி. அதற்குக் கீழே, 'மு. அபிநயா, ஒன்பதாம் வகுப்பு'.

மூன்று வருடமாக இது உன்னோடு திருச்சி மார்க்கெட்டுக்கும் குன்னத்துக்கும் போய்ப் போய் வந்திருக்கிறது. சீட்டு எழுதியபோது நடுவில் கார்பன் இருந்ததை மறந்துவிட்டாய். ஆனால் பிறகு பார்த்திருக்கிறாய். பார்க்காவிட்டால் மடித்திருக்க மாட்டாய். கிழித்துப் போடவும் உனக்குத் தைரியம் இல்லை, எடுத்துக் காட்டவும் தைரியம் இல்லை.

அந்தப் பாட்டை வாசித்த கச்சேரிக் குழுவை எனக்குக் காட்டியதே நீதான். மேடையில் அவர்களுக்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 'அரியலூர் செட்டு' என்றால் போதும். நீ பையனாக இருந்தபோதே வாசித்துக்கொண்டிருந்தவர்கள். திருமழபாடிப் பக்கம் கச்சேரி என்றால் அன்றைக்கு உனக்கு அந்தப் பக்கமாகவே லோடு கிடைத்துவிடும். எப்படி என்று அம்மா கேட்பாள். "வெங்காயம் தானா அந்தப் பக்கம் போவுது, நா என்ன பண்ண?" என்பாய்.

எனக்குப் பதினொரு வயது. கொள்ளிடக் கரையில் வண்டியை நிறுத்தி, பின்னால் காலி சாக்கின் மேல் என்னை நிற்க வைத்தாய். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் பாடகரைப் பார்த்தார்கள். நீ என் தலையைப் பிடித்து மேடையின் ஓரத்துக்குத் திருப்பினாய். அங்கே இடுப்பு உயரத்துக்கு ஜோடியாக நிற்கும் இரண்டு கொட்டுகள், அவற்றின் பின்னால் ஒல்லியாக ஒருவர். அதற்குப் பெயர் தும்பா என்றாய்.

"வெரல பாக்காத. எடது உள்ளங்கைய பாரு. வலது கை பேசும், எடது கைதான் மூச்சு வுடும்."

உனக்குப் பிடித்த அந்தப் பாட்டின் நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். தும்பா மட்டும் தனியாக நடக்கும். ஒருவர் படியில் இறங்கி வருகிற மாதிரி. கடைசிப் படியில் காலை வைக்காமல் கொஞ்ச நேரம் நிற்கிற மாதிரி. அப்புறம் மொத்தப் பாட்டும் வந்து விழும். நீ அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வாய்.

கச்சேரி முடிந்து அவரிடம் என்னைக் கூட்டிப் போனாய். "இது நம்மூரு கொட்டு இல்லப்பா. கடலுக்கு அங்கிட்டு, கரும்பு வெட்டுற ஜனங்க ஆடுறதுக்கு அடிக்கிறது" என்றார் அவர். "கரும்பு வெட்டுறவன் கொட்டுன்னா நம்ம கொட்டுதான்" என்றாய் நீ. அவர் சிரித்து உன் தோளில் தட்டினார். அன்றைக்கு உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கோபம் எதற்கு என்று உனக்குப் புரியாது.

நான் பேசாத பெண். வகுப்பில் வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காமல் கையைத்தான் தூக்குவேன். கடைக்குப் போனால் மற்றவர்கள் வாங்கி முடிக்கும்வரை ஓரமாக நிற்பேன். உனக்கு அது கவலை. "ஒம் பேர ஒருக்கா மைக்குல கேட்டீன்னா எல்லாக் கூச்சமும் போயிரும்" என்று வண்டியில் போகும்போது சொன்னாய். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நம் ஊர்க் கச்சேரியில் சீட்டுப் போகும் விதம் உனக்குத் தெரியாததில்லை. பாட்டு வேண்டியவர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். கைமாறிக் கைமாறி, தலைகளுக்கு மேலாக அது மேடைக்குப் போகும். அறிவிப்பாளர் பெயரையும் தெருவையும் வாசிப்பார். பெண் பெயரில் மட்டும் சீட்டுப் போகாது. அம்மாவுக்கு ஒரு பாட்டு வேண்டுமென்றால் உன் பெயரில் எழுதுவாள். கல்யாணமாகாத அக்காமார்கள் தம்பி பெயரில் எழுதுவார்கள். மூன்றாவது படிக்கிற பையன்களெல்லாம் நம் ஊரில் காதல் தோல்விப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். யாரும் சிரித்ததில்லை.

அந்த வைகாசித் திருவிழா அன்று நீ வண்டியின் பின்கதவில் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தாய்.

"என்னப்பா எழுதுற?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு லோடு."

உதட்டை மடித்துச் சிரித்தாய். தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தாய். பெண்கள் பக்கம் உட்காரப் போனவள், கூட்டத்துக்குள் உன் கை உயர்ந்து ஒரு தாளை முன்னால் இருந்தவரிடம் கொடுத்ததைப் பார்த்தேன்.

அறிவிப்பாளரின் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "அடுத்து… மு. அபிநயா! ஒன்பதாம் வகுப்பு!" பிறகு பாட்டின் முதல் வரியை வாசித்துவிட்டு, மைக்கைக் கொஞ்சம் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஒன்பதாம் வகுப்பு மாணவி விரும்பிக் கேக்குற பாட்டப் பாத்தீங்களா? யார் மனசுக்குப் போய்ச் சேரணுமோ, போய்ச் சேரட்டும்!"

விசில் அடித்தார்கள். நாற்காலியைத் தூக்கித் தட்டினார்கள். பெண்கள் பக்கம் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் உன்னைத் தேடினேன். கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் அப்போதும் அந்தச் சிரிப்பு இருந்தது. அது ஒவ்வொரு இடமாக அணைவதைப் பார்த்தேன். தும்பா தனியாக நடக்கிற இடம் வந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில் பெரியப்பா நடுக்கூடத்தில் நின்று கேட்டார். "யாருடி எழுதிக் குடுத்தது?"

"தெரியாது பெரியப்பா."

"பொட்டப்புள்ள பேரு மைக்குல வருதுன்னா எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான். எவன்னு சொல்லு."

"தெரியாது."

அம்மா அடித்தாள். அடித்துவிட்டு அவளே அழுதாள். நீ வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உனக்காகத்தான் தெரியாது என்றேன். 'எங்கப்பாதான்' என்று சொல்ல இரண்டு நொடி போதும். மகள் பேரில் காதல் பாட்டுக் கேட்டவன் என்று உன்னை ஊரே சிரிக்கும், உன் அண்ணன் உன்னைக் கேவலமாகப் பேசுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். நீயே உள்ளே வந்து சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். காற்று இருக்கிற டயரை ஒரு மனுசன் எத்தனை தடவை தட்டுவான், அப்பா?

"தம்பி, நீ என்னடா சொல்ற?" என்று பெரியப்பா வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சரிண்ணே."

அதுதான் நீ சொன்னது. அதை மட்டும்தான் சொன்னாய்.

பள்ளி திறந்ததும் பஸ் நிறுத்தத்தில் எனக்குப் புதுப்பெயர் காத்திருந்தது. "டேய், நேயர் விருப்பம் வருதுடா!" பஸ்ஸுக்குள் ஏறினால் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். பாட்டு எதுவென்று இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன். கண்டக்டர் ஒருநாள், "என்ன நேயர், டிக்கெட் எங்க?" என்றார். அவரும் சிரித்தார். இரண்டாவது வாரம் பெரியப்பா, "போதும், வூட்டுல இருக்கட்டும்" என்றார். வகுப்பு டீச்சர் நம் வீடு தேடி வந்தபோது நீதான் பதில் சொன்னாய். "புள்ளைக்கு ஒடம்பு முடியல டீச்சர்." நான் உள்ளே நல்ல உடம்போடு நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பட்டறை. வெங்காயத்துக்குக் காம்பு அறுக்கிற பெண்களோடு உட்கார்ந்தேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. விரல் இடுக்கில் ஏறிய வாடை சோப்புப் போட்டாலும் போகாது. கண் எரிந்து தண்ணீர் வந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது ஒன்றுதான் வசதி.

நீ தினமும் ஏதாவது வாங்கி வந்தாய். ஜிலேபி. வளையல். ஒருநாள் ஒரு முழுப் பலாப்பழம். சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் வாங்கி வந்தாய். வெங்காயம் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒருமுறை கேட்டாய்.

"அபி, அப்பா மேல கோவமா?"

"இல்ல."

"பெரியப்பாகிட்ட ஒருநா பேசுறேன்."

"எப்ப?"

"இந்த சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தது. அடுத்த சீசன் வந்தது. அதுவும் முடிந்தது. அதற்கடுத்த தை மாதம் திருச்சிக்கு லோடு கொண்டுபோனாய். இறக்கி முடித்து, மூட்டை மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாயாம். கொண்டுவந்தபோது நீ இல்லை.

சாவு வீட்டில் எல்லாரும் உன்னைப் புகழ்ந்தார்கள். "அதிர்ந்து ஒரு வார்த்த பேசாத மனுசன்." அதைக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நீ பேசாததைத்தானே எல்லாரும் கும்பிடுகிறார்கள்.

இந்தச் சித்திரையில் உடையார்பாளையம் பக்கமிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். எனக்குப் பதினேழுதான் ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றேன். பையனின் அத்தை குரலைத் தாழ்த்தி, "மைக்குல பேரு வந்துச்சே, அந்தப் பொண்ணுங்களா?" என்றாள். பெரியப்பா சிரித்தபடி, "அது ஏதோ சின்ன வயசு சமாச்சாரம். இப்ப திருந்திடுச்சு" என்றார்.

திருந்திடுச்சு. நான் செய்யாததிலிருந்து திருந்திவிட்டேனாம். அந்த வீட்டுக்குப் போனால் சாகிறவரை மன்னிக்கப்பட்டவளாகவே சோறு பொங்கிப் போட வேண்டும்.

அதற்கடுத்த வாரம்தான் வண்டி விற்பனை, இந்தப் புத்தகம், இந்தத் தாள். அதே வாரம் சுவரில் திருவிழா நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று வருடம் கழித்து அரியலூர் செட்டு.

தாளை அம்மாவிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்த மனுசனா?"

"ஆமா."

"ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் அடிக்கிறப்ப ஏன்டி சொல்லல?"

"அப்பா சொல்லும்னு பாத்தேன்."

தாளைத் திருப்பித் தந்து என் கையைப் பிடித்தாள். "வெளிய சொல்லிடாதடி. செத்தவரு பேரு கெட்டுப் போயிரும்."

"நான் உசுரோட இருக்கேனேம்மா" என்றேன்.

திருவிழா அன்று கச்சேரி ஆறு மணிக்குத் தொடங்கியது. வெயில் முழுதாக இறங்கவில்லை. மேடையில் எல்லாருக்கும் வயதாகியிருந்தது. மினுமினுக்கிற சட்டைக்கு மேலே கழுத்துச் சுருக்கம் தெரிந்தது. பாடகர் முதல் பாட்டு முடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். அக்கார்டியன்காரருக்கு முதுகு வளைந்திருந்தது. "தாத்தா, வூட்டுக்குப் போயி கஞ்சி குடி!" என்று பையன்கள் கத்தினார்கள். தும்பாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இடது உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்தார்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு அடி. அது என் அடிவயிற்றில் விழுந்தது. பின்னால் போங்கோஸ் சேர்ந்தது. கிலுகிலுப்பை சேர்ந்தது. அந்த வளைந்த முதுகு அக்கார்டியனை இழுத்து விரித்தபோது நிமிர்ந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் கஞ்சி குடிக்கச் சொன்ன பையன்களே நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். மாத்திரை போட்ட மனுசர் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி, கூட்டத்தைப் பாட வைத்து, கடைசி எழுத்தை மட்டும் தான் எடுத்துக்கொண்டார். நாற்பது வருடம் ஒன்றாக வாசித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டாம் போலிருக்கிறது. நான் சண்டை போடப் போனவள். அவர்கள் அவ்வளவு நன்றாக வாசித்தது எனக்கு ஆத்திரமாக இருந்தது. மோசமாக வாசித்திருந்தால் உன்னை வெறுக்க இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டிலேயே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். 'மூன்று வருடத்துக்கு முன்பு இதே மேடையில் என் பெயரில் பாட்டுக் கேட்டவர் என் அப்பா. வேறு யாரும் இல்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை. அதே பாட்டு வேண்டும். மு. அபிநயா.' முன்னால் இருந்த அக்காவிடம் கொடுத்தேன். கைமாறிப் போனது. அறிவிப்பாளர் பிரித்தார், வாசித்தார், மடித்தார்.

"அடுத்து, ஒரு சகோதரி தன் தந்தையின் நினைவாகக் கேட்டிருக்கும் பாடல்…"

ஒரு சகோதரி! என் பெயர் வேண்டாதபோது ஊருக்கே கேட்கும்படி கத்தியவர், வேண்டும் என்றபோது விழுங்கிவிட்டார்.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்துக் கயிற்றைத் தாண்டி, மேடையின் பக்கவாட்டில் ஏறுகிற படியில் நின்றேன்.

"சார், பேர வாசிங்க."

அவர் மைக்கைப் பொத்திக்கொண்டார். "இந்த ஊர்ல பொண்ணுங்க பேர வாசிக்கக் கூடாதுன்னு கமிட்டில சொல்லியிருக்காங்கம்மா. முன்ன ஏதோ பிரச்சன ஆயிப்போச்சாம்."

"அந்தப் பிரச்சன நான்தான் சார்."

அவருக்குப் புரியவில்லை. கார்பன் தாளை நீட்டினேன். "இத எழுதுனது எங்கப்பா. யார் மனசுக்குப் போய்ச் சேரணுமோ போய்ச் சேரட்டும்னு நீங்க சொன்னீங்க. என்னோட படிப்பு போயிருச்சு."

தும்பாக்காரர் எழுந்து வந்தார். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெங்காய வண்டிக்காரரு மவளா?"

தலையாட்டினேன்.

"எங்க அவரு? எடது கைய பாக்குற ஆளாச்சே."

"செத்துட்டாருங்க."

நெற்றியில் இருந்த கண்ணாடியை அவர் கழற்றி மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரு தடவ எங்க வேன் ரிப்பேராயி, அவரு வண்டிலதான் அரியலூருக்கு சாமானெல்லாம் ஏத்திட்டுப் போனோம். வழியெல்லாம் அழுதாரும்மா. எம் மவ படிப்ப நான்தான் கெடுத்தேன், வாயத் தொறந்து சொல்ல முடியலன்னாரு."

அதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அவரிடம் சொல்லியிருக்கிறாய்! நம் ஊரே இல்லாத ஒருவரிடம், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே அழுதிருக்கிறாய். அழுகையை அரியலூரில் இறக்கிவிட்டு, காலி வண்டியாக வீட்டுக்கு வந்து, எனக்கு ஜிலேபி கொடுத்திருக்கிறாய்.

தும்பாக்காரர் அறிவிப்பாளர் பக்கம் திரும்பினார். "நீ சொன்னதுதான்யா அன்னைக்கு. வாசி."

"கமிட்டி…"

"நீ வாசிக்கலன்னா நானும் வாசிக்க மாட்டேன்." தும்பாவைக் காட்டினார்.

அறிவிப்பாளர் என் சீட்டை விரித்தார். ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை. கடைசியில் என் பெயரையும் வாசித்தார். கூட்டத்தில் ஒரு விசில் கிளம்பிப் பாதியில் நின்றது. முன்வரிசையில் பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் பக்கம் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு தொடங்கியது. நான் படியிலேயே நின்றேன், தும்பாவுக்கு ஒரு கை தூரத்தில். எல்லா வாத்தியமும் நின்றது. தும்பா நடந்தது. இடது கையைப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், அதுதான் மூச்சு விடுகிறது. கடைசிப் படியில் அவர் காலை வைக்காமல் நின்றார். வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றார். அந்த இடத்தில் நீ கண்ணை மூடுவாய். நான் மூடவில்லை. திறந்து வைத்துக்கொண்டு மொத்தக் கூட்டத்தையும் பார்த்தேன்.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. மறுநாள் பெரியப்பா, "செத்தவன் வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்னு அவன் தலையில போடுறியா?" என்று கத்தினார். கார்பன் தாளை அவர் முன்னால் வைத்தேன். தம்பியின் கையெழுத்து அவருக்குத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். "மடையன்" என்றார். உன்னைத்தான். அதற்கப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. உடையார்பாளையத்துக்காரர்கள், மேடையேறிப் பேசுகிற பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த லாபம். பட்டறையில் ஒரு அக்கா, "ஒங்கப்பா பாசத்துலதான புள்ள எழுதுனாரு" என்றாள். எழுதியது பாசம்தான், அக்கா. நான் குற்றம் சொல்வது அதை இல்லை. எழுதியதற்கு எனக்குக் கோபமே இல்லை.

அம்மாதான் பழைய டீச்சரிடம் போய்க் கேட்டு வந்தாள். பத்தாவதைத் தனியாக எழுதலாமாம். மூன்று நாளைக்கு முன் விண்ணப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். "கை கழுவிட்டு எழுது, வெங்காயம் படியும்" என்றாள். கழுவினேன். வாடை போகவில்லை. அப்படியே எழுதினேன்.

கோபம் போகவில்லை அப்பா. காம்பு அறுக்கும்போது என் இடது கை தன்பாட்டுக்குப் பலகையில் அந்தத் தாளத்தைத் தட்டுகிறது. நிறுத்தினால் வலது கை எடுத்துக்கொள்கிறது. இரண்டும் என்னிடம் இருக்கின்றன, அந்தத் தாளமும் இந்தக் கோபமும். எதை முதலில் கீழே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றைக்கு நீ எழுதிய சீட்டில் என் பெயரை முழுதாக எழுதினாய். உன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் எனக்கு முன்னால் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாய். இந்த விண்ணப்பத்தில் என் பெயருக்குக் கீழே 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து, உன் பெயரை முழுதாக எழுதினேன்.